பன்னிரண்டு மணிக் குதிரை

பொய் சொல்லத் தைரியம் மட்டும் போதாது, நேரமும் கூடி வர வேண்டும். இருபத்திரண்டு வயதில் எனக்குத் தைரியம் நிறைய இருந்தது. நேரம்தான் பத்து நிமிஷம் குறைந்துவிட்டது.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் தாய்மாமா டோல்கேட் பக்கத்தில் லாயம் வைத்துக் குதிரை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அவர் மகள் ஜைனபைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. மாமாவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. (வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறவன்மேல் யாருக்குத்தான் வரும்?) கடைசியில் ஒரு நாள், "அந்தச் செவலை கீதுல்ல, அத்த வித்துக் குடு. அப்பால பொண்ணப் பத்திப் பேசலாம்" என்றார்.

செவலை அருமையான குதிரை. சவாரிக்கு ஆகும், வண்டிக்கு ஆகும், கல்யாண ஊர்வலத்துக்கும் ஆகும். குழந்தை ஏறினாலும் முரண்டு பிடிக்காது. ஒரே ஒரு கோளாறு. அது பல வருஷம் ஒரு மில் காம்பவுண்டுக்குள் பாரவண்டி இழுத்தது. பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு நீளமாக ஊதினால், சாப்பாட்டு நேரம் என்று நின்றுவிடும். பன்னிரண்டரைக்குச் சங்கு குட்டையாக இரண்டு தரம் ஊதும்வரை, அடித்தாலும் சரி, வெல்லம் காட்டினாலும் சரி, ஒரு அடி நகராது.

"சங்குக்கு முன்னால வேலைய முடிச்சுடு. நிக்கிற விஷயத்த மட்டும் மூச்சு வுடாத" என்றார் மாமா.

வாங்க வந்தவர் எர்ணாவூர் உப்பளக் காண்டிராக்டர் நாயுடு. உப்புப் பாத்திகளைச் சுற்றி வர அவருக்கு ஒரு சாதுவான குதிரை வேண்டும். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கு வந்தார். டீ குடித்தார். பல் பார்த்தார், குளம்பு பார்த்தார், சுழி பார்த்தார். பிறகு இன்னொரு டீ கேட்டார். லாயத்துச் சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னா நைனா, உனுக்கு இப்டி வேர்க்குது?"

"வெயிலுங்க." (நாங்கள் நிழலில் நின்றிருந்தோம்.)

"சரி, ரயில்வே கேட் வரிக்கும் ஒரு ரவுண்டு போயி பாக்குறேன்."

சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜைனப் கை நழுவிப் போய்விடுவாளே என்று பயம். நாயுடு ஏறினார், நான் பின்னாலேயே ஓடினேன். உற்சாகத்தில் கேட்டையும் தாண்டிப் போனார். திரும்பி வரும்போது, சரியாகத் தண்டவாளத்தின் நடுவில், சங்கு ஊதியது.

செவலை நின்றது.

"அய்யே! வண்டி வருதுய்யா! குதிரைய நவுத்து!" என்று கேட்கீப்பர் கத்தினார். தூரத்தில் எஞ்சின் கூவியது. நாயுடு உதைத்தார், கெஞ்சினார். இறங்கப் பார்த்தால் செருப்பு, கால் வைக்கிற அங்கவடியில் மாட்டிக்கொண்டது. நான் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தேன். ஹார்பரில் நிற்கும் கப்பலை இழுத்திருந்தால்கூட வந்திருக்கும். காலடியில் தண்டவாளம் அதிர ஆரம்பித்தது.

"எம் பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்டா!" என்று நாயுடு அழுதுவிட்டார்.

அவர் அழுததும் எனக்கு ஜைனபும் மறந்துபோனாள், மாமாவும் மறந்துபோனார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "ஊஊ! ஊஊ!" என்று மில் சங்கு மாதிரியே ஊளையிட்டேன்.

செவலை காதை நிமிர்த்தியது. சாப்பாட்டு நேரம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் அதற்கு வருத்தம்தான். ஆனாலும் வேலைக்குக் கிளம்பியது. எங்கள் முதுகுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி தடதடவென்று போனது.

கீழே இறங்கிய நாயுடு என்னையே பார்த்தார். "உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்" என்றேன். பளாரென்று ஒன்று விட்டுவிட்டு நடந்தே போய்விட்டார். கொடுத்தது நியாயம்தான்.

மாமா கொதித்தார். "ஒரு பொய்ய கடைசி வரிக்கும் இஸ்துகினு போகத் தெரியல. இவனுக்கா எம் பொண்ணு?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஜைனப் குரல் வந்தது. "அது தெரியாதவருதான் அத்தா எனக்கு வேணும்."

விலை போகாத செவலைதான் என் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் வந்தது. பேண்டுக்காரர்கள் தாமதமாக வந்தார்கள். அப்புறம் என்ன, நடுத்தெருவில் மணி பன்னிரண்டு! நிக்காவுக்கு எல்லோரும் காத்திருக்க, முகத்தில் தொங்கிய பூச்சரத்தை விலக்கிக்கொண்டு, வண்ணாரப்பேட்டையே வேடிக்கை பார்க்க, மாப்பிள்ளையான நானே ஊளையிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை காரில் ஏறியதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஊதாமல் வண்டி எடுக்கக் கூடாதாம். முதலில் கையைக் குவித்து ஜாடை காட்டுகிறவள் ஜைனப்தான்.