கோழி பிய்த்த கை

"கை மட்டுந்தான் தெரியுது, மஸாஹிர். மொகம் இல்ல. ஆனா அது நம்மட கட்சி ஆள்ட கை எண்டு ஊரே கதைக்குது. நாளைக்குள்ள ஆளப் புடிச்சி வெளியில போடணும்," என்றார் தலைவர் தொலைபேசியில்.

"இன்ஷா அல்லாஹ், தலைவர்," என்றார் மஸாஹிர். போனை வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார்.

குறிஞ்சிப்பிட்டியில் உரக்கடை வைத்திருக்கும் மஸாஹிர், எட்டே மாத வயதான 'புதுக்கரை மக்கள் கட்சி'யின் ஒழுக்காற்றுக் குழுவுக்குப் பொறுப்பானவர். பிரதேச சபைத் தேர்தலுக்கான பட்டியலில் முதல் பெயர் அவருடையது. நாளை மறுநாள் வேட்புமனு. இருபது வருடமாக அவர் காத்திருந்த நாற்காலி அது.

கட்சி விதி ஏழு: 'தேர்தல் முடியும்வரை எதிர்க்கட்சிக்காரருடன் உண்ணவோ பருகவோ கூடாது. மீறினால் நீக்கம்.' அதை எழுதிய புண்ணியவானும் மஸாஹிர்தான். கல்யாண வீட்டுச் சஹனை மனுஷன் மறந்துபோனார்.

சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. வருகிற வரிசைக்கு இருத்துவார்கள். பக்கத்தில் யார் என்று பார்த்து எழும்பினால் கல்யாணக்காரருக்கு அவமானம். போன ஞாயிறு மஸாஹிருக்கு வாய்த்தவர், எதிர்க்கட்சி அமைப்பாளர் உவைஸ் ஹாஜியார். கோழியைப் பிய்த்து எல்லாருக்கும் பங்கு வைக்கும் வேலை மஸாஹிரின் தலையில் விழுந்தது. ஹாஜியாருக்கு நல்ல துண்டாகவே வைத்தார். அந்தப் பாழாய்ப்போன தாராள மனசு!

இப்போது பேஸ்புக்கில் படம். ஹாஜியார் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக் கை நீண்டு அவருக்குக் கோழி வைக்கிறது.

மஸாஹிர் தலைவருக்குத் திருப்பிப் போன் எடுத்தார். "மொகம் இல்லாத படத்த வெச்சி ஆரையும் புடிக்கேலாது தலைவர். விட்டுடுவமா?"

"நல்ல ஞாபகம் காட்டினீங்க! அப்ப கைய வெச்சே புடிப்பம். நாளைக்கிக் காலையில எல்லா உறுப்பினரும் கட்சிக் கந்தோருக்கு வந்து கையக் காட்டட்டும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் மனைவியிடம் ஓடினார்.

"கையத்தானே பாக்கப்போறாங்க?" என்றாள் ஹஃபீலா. "மூடிட்டாப் போச்சி."

காலையில் அவர் கை, மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை வெள்ளைத் துணிக்குள் இருந்தது. கட்சி அலுவலகத்தில் எல்லாரும், சொந்த அண்ணனுக்கு அடிபட்டதுபோல், பாய்ந்து வந்தார்கள்.

"என்ன நானா நடந்த? ஆரு செஞ்ச?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "அதக் கிளறாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

வந்தது வினை. பத்து மணிக்கு உவைஸ் ஹாஜியாரின் ஆட்கள் அவரை வெட்டிவிட்டார்கள் என்று கதை. பதினொரு மணிக்கு இரண்டு விரல் போய்விட்டது. மதிய லுஹர் தொழுகை முடிந்தபோது கல்பிட்டி முழுக்க மஸாஹிருக்குக் கையே இல்லை. கட்சிக்காரர் நாற்பது பேர் ஹாஜியாரின் வீட்டுக்குப் போகவென்று கந்தோரில் கூடினார்கள். புத்தளத்திலிருந்து தலைவர், கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் றிஸ்மினைக் கெமராவோடு கூட்டிக்கொண்டு பறந்து வந்தார்.

"கையத் தூக்கிக் காட்டுங்க மஸாஹிர்! நாட்டுக்கே தெரியட்டும்!"

அந்த நேரம் பார்த்து, ஒரு குலை இளநீரோடு உவைஸ் ஹாஜியாரே உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மஸாஹிர்! நான் ஆள் வெச்சி வெட்டினேனாம். ஞாயித்துக்கெழம ஒரே சஹன்ல இருந்து எனக்குக் கோழி பிச்சித் தந்த கைய நான் வெட்டுவனா, வாப்பா?"

நாற்பது பேரின் கண்ணும் வெள்ளைத் துணிமேல் விழுந்தது.

மஸாஹிர் துணியை அவிழ்த்தார். ஐந்து விரலும் சுகமாக இருந்தன. நாற்பது பேரும் அவற்றை எண்ணிப் பார்த்தார்கள்.

"நான்தான் தலைவர். அந்தக் கை என்ட கைதான். விதிய எழுதினவனே மீறிட்டேன். என்னய மன்னிச்சிடுங்க," என்றார். அவமானத்தில் முகம் வெந்தது. ஆனாலும் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது.

ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சாப்பிட்டதுக்கா இந்தப் பாடு? அப்ப நீங்க..." என்று தலைவரைப் பார்த்துத் தொடங்கினார். தலைவர் சட்டென்று அவர் தோளில் கைபோட்டு, வாகனம்வரை கூட்டிப்போய் மிகுந்த மரியாதையோடு வழியனுப்பிவிட்டு வந்தார்.

பிறகு மஸாஹிரைக் கட்டிப்பிடித்தார். "பாருங்க, இதுதான் நம்மட கட்சி! பெரியாள், சின்னாள் எண்டு பாக்கமாட்டம். பொறுப்புக் கூறல் எண்டா இதுதான்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மஸாஹிர் விலகல் கடிதம் எழுதினார். பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் தலைவரின் மச்சான் பெயர் ஏறியது. கடிதத்தைக் கொடுப்பதையும் வாங்குவதையும் றிஸ்மின் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தான்.

எல்லாரும் போனபின் மஸாஹிர் வாசற்படியில் செருப்பைத் தேடினார். இருபது வருடம் ஒரு கோழித் துண்டில் போய்விட்டதே என்று அழுகை வந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்ன மனுஷனாக வீட்டுக்குப் போகலாம்.

கெமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த றிஸ்மின் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"ஏன் நானா நீங்க ஒத்துக்கொண்ட? ஒங்கட சஹன நான் படமே எடுக்கல்லியே. அது ஹாஜியார் ரெண்டாந்தரம் இருந்த சஹன், கோழி வெச்ச தன்ட மொகத்த வெட்டிட்டுப் படத்தப் போடச் சொன்னதே தலைவர்தானே!"