சம்பந்தி வண்டியின் கோணல் ஸ்டியரிங்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கோணலாக இருக்கும் எதையும் அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. அடுத்தவர் வீட்டுக் காலண்டர் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால்கூட, நலம் விசாரிப்பதற்கு முன்பே என் கை அதை நோக்கி நீண்டுவிடும். முப்பத்து நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் எந்த வேலையை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று கையேடு எழுதியவன் நான். ஒரு ஸ்குரூவை முடுக்குவதற்கே பதினாறு படிகள் எழுதியிருக்கிறேன் (முதல் படி: ஸ்குரூவை அடையாளம் காண்க). எழுதினேன் என்றுதான் சொல்கிறேன், முடுக்கினேன் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்தாபுராவில் ஒரு எருக்குழிக்குள் நிற்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

என் மகள் நித்யாவும் ப்ரஜ்வல் என்ற கன்னடப் பையனும் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் சம்மதிக்கவைக்க இரண்டு மாதம் ஆனதாம். எங்கள் இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைக்க இரண்டு வருடம். கடைசியில் ஒரு தேதி குறித்து, ஆனேக்கல் சாலையில் ஒரு மண்டபமும் பார்த்தாயிற்று. அந்தத் தேதியை விட்டால் ஆஷாடம் வந்துவிடும், அவர்கள் பக்கம் அந்த மாதத்தில் கல்யாணமே கிடையாது. அதற்கப்புறம் யார் மனசு எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்? மண்டபத்துக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: ஞாயிறு நாலு மணிக்குள் நேரில் வந்து பேர் எழுதவேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் இன்னொரு பார்ட்டிக்கு அந்தத் தேதி போய்விடும். ஆகவே சந்தாபுராவில் ப்ரஜ்வல் வீட்டில் சாப்பாடு, சாப்பிட்டுவிட்டு அப்பாக்கள் இருவரும் போய்ப் பேர் எழுதுவது என்று ஏற்பாடு.

காக்ஸ் டவுனிலிருந்து வாடகைக் காரில் கிளம்பும்போதே நித்யா என் பக்கம் திரும்பினாள்.

"ப்பா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் எதையும் சரி பண்ணாத."

"நான் எதைம்மா சரி பண்ணப்போறேன்?"

"போன தடவை அவங்க வீட்டுக் காலிங் பெல்லைச் சரி பண்ணே. ரெண்டு நாள் நிக்காம அடிச்சிதாம்."

"அடிக்கலைன்னுதானே சொன்னாங்க?" என்றேன். என் மனைவி சரோஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று முப்பது வருடமாக எனக்குப் பிடிபடாத முகம் அது.

ப்ரஜ்வலின் அப்பா கிருஷ்ணப்பா வீட்டை ஒட்டியே செடி நர்சரி வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். தமிழில் அவருக்குத் தெரிந்தது "சாப்டாச்சா" ஒன்றுதான். எனக்குக் கன்னடம் சரளமாக வரும் என்பதால் நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் கன்னடம் (உங்கள் வசதிக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்). என்னைப் 'பீகரே' என்று கூப்பிடுவார். சம்பந்தி என்று அர்த்தம். 'பீக' என்றால் பூட்டு என்றும் அர்த்தம் உண்டு. எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறார் என்று நான் விசாரித்ததில்லை.

போய் இறங்கியதும் வாழை இலை வாங்க என்னையும் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். செடி ஏற்றும் வண்டி. ரோடு நேராக இருந்தது, வண்டியும் நேராகப் போனது. ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம் சாய்ந்து, கடிகாரத்தில் பதினொரு மணி முள் நிற்பதுபோல நின்றது. என் கை தானாக அதை நோக்கி நீண்டது, மடக்கி வைத்துக்கொண்டேன்.

"பீகரே, ஸ்டியரிங் கோணலா இருக்கே?"

"ஆமா. ரெண்டு வருஷமா இருக்கு."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"வண்டி நேராத்தானே சார் போகுது? ஸ்டியரிங் எப்படி இருந்தா என்ன?"

இந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் சரியான பதில் இல்லை. அன்று இருந்தது. ஒரு சொற்பொழிவே இருந்தது. போக வர இருந்த ஆறு கிலோமீட்டரும் நிகழ்த்தினேன். ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டுவது மூடர் செயல் என்றேன். அடியில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு ஒரு நீளக் கம்பி போகிறது, அதன் நடுவில் ஒரு மரைக்குழல் இருக்கிறது, குழலைத் திருகினால் கம்பி நீளும் அல்லது குறுகும் என்றேன். மேலே ஒருவர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள, கீழே இன்னொருவர் சக்கரம் நேராகும்வரை குழலைத் திருகினால் தீர்ந்தது, இருபது நிமிட வேலை என்று முடித்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி பணிவாகத் தலையாட்டினார். சம்பந்தி பேசும்போது வேறென்ன செய்வார் பாவம்.

சாப்பாடு முடிந்தபோது மணி ஒன்றே முக்கால். கைகழுவிய ஈரத்தோடு வண்டியை நோக்கி நடந்தேன். சரோஜா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏங்க, இன்னா இது? பொண்ணு கொடுக்க வந்தீங்களா, பஞ்சர் ஒட்ட வந்தீங்களா?"

"இருபது நிமிஷம்" என்றேன்.

முறைப்படி எல்லாம் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, வெறும் ஜாக்கியை நம்பாமல் டிராக்டர் ஷெட்டிலிருந்து இரண்டு ஸ்டாண்டு கொண்டுவந்து முட்டுக் கொடுத்தேன். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். கண்ணாடி, கையுறை. தூசி விழுமே என்று, நர்சரியில் பூச்சிமருந்து அடிக்கும்போது போடுகிற தடித்த முகமூடியையும் மாட்டிக்கொண்டேன். பார்ப்பதற்கு நிலவில் இறங்கியவன்போல இருந்ததாக ப்ரஜ்வல் பிற்பாடு சொன்னான். அன்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கல்யாணம் ஆகவில்லையல்லவா?

கிருஷ்ணப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். ஸ்டியரிங்கை அச்சாக நேராக்கி, அவர் இரண்டு கைகளையும் எடுத்து அதன்மேல் நானே வைத்தேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். குழலைக் கவ்வியிருந்த கிளிப்பு துருவேறி இறுகிப்போயிருந்தது. ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். சக்கரம் லேசாகத் திரும்பியது. மேலே பிடி தளர்கிறது என்று புரிந்தது. அப்போதுதான் கத்தினேன்:

"பிடி! பிடி!"

(சம்பந்தியை ஒருமையில் விளிப்பேனா? 'பிடிங்க சார்' என்றுதான் சொன்னேன். மரியாதை முழுவதும் முகமூடிக்குள்ளேயே தங்கிவிட்டது.)

சக்கரம் இன்னும் தாராளமாக ஆடியது. இன்னும் உரக்க, "பிடி, பிடி, நல்லா பிடி!" என்றேன். மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சௌகரியமாக உட்கார்ந்து கெட்டியாகப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நாற்பது நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம். துருவை உதிர்த்தேன். ஸ்பேனர் போட்டு இழுத்தபோதெல்லாம் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அதைக் கையால் தள்ளி நிறுத்தினேன், குழலைத் திருகினேன், நூல் பிடித்துப் பார்த்தேன், மறுபடி திருகினேன். கடைசியில் இரண்டு சக்கரங்களும் நூலோடு நூலாக நேர்நின்றன. கிளிப்பை முடுக்கிவிட்டு, வெற்றியோடு வெளியே உருண்டேன்.

டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. கிருஷ்ணப்பா மாமரத்தடியில் நாற்காலி போட்டு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பீகரே, ஆய்த்தா?" என்று கேட்டார். முடிந்ததா என்று.

"ஆய்த்து!" என்றேன். வேலை முடிந்ததும் எழுந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கை நான் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். வேலை செய்தவரே அதைச் சரிபார்க்கக் கூடாது, வேறொருவர்தான் பார்க்கவேண்டும் என்பது விதி. நான் எழுதிய விதி.

மணி மூன்று. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பஞ்சகச்சத்தில் கிருஷ்ணப்பா ஏறினார். நான் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறினேன். வாசலில் இரண்டு குடும்பமும் நின்று கையசைத்தது. ஸ்டியரிங் தலைகீழாக இருந்தது. தலைகீழ் என்றால் அலங்காரமாகச் சொல்லவில்லை, மேல்பாதி கீழே, கீழ்ப்பாதி மேலே. அதைப் பார்த்த கிருஷ்ணப்பா, ரிப்பேரில் சக்கரம் திரும்பியிருக்கிறது என்று எண்ணி, என் உழைப்புக்கு மதிப்புக் கொடுத்து, ஸ்டியரிங்கை அழகாக நேராக்கினார். அதோடு நேராக நின்ற சக்கரங்கள் கீழே ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டன. கிளச்சை விட்டார். வண்டி வாசல் பக்கம் போகவில்லை. ரோஜாப் பதியன்கள் இரண்டு வரிசை, சாமந்தி ஒரு வரிசை ஆகியவற்றின் வழியாக, நாலு கிலோமீட்டர் வேகத்தில், ஊர்வலம் போகும் நிதானத்தில், போய் எருக்குழிக்குள் மூக்கை இறக்கி நின்றது.

"ஸ்டியரிங் நேராத்தானே சார் இருக்கு!" என்றார் கிருஷ்ணப்பா. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

கதவைத் திறந்து இறங்கினோம். முழங்கால் வரை எரு. தொழுவுரம், நன்றாக மக்கியது, தரமான சரக்கு. ப்ரஜ்வல் ஓடிவந்து பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தான். வண்டி அசையவில்லை. அவன் கார் சர்வீசுக்குப் போயிருந்தது, நாங்கள் வந்த வாடகைக் காரை அனுப்பிவிட்டோம். போனில் கார் கூப்பிட்டால் இருபத்தைந்து நிமிடம் என்று காட்டி, பிறகு முப்பத்தைந்து என்று காட்டியது. மணி மூன்று இருபது. நித்யா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையேட்டில் எந்தப் படியிலும் அதற்கு வழி எழுதியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் ப்ரஜ்வலின் அம்மா லக்ஷ்மம்மா உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியோடு வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா மகளே, உட்காரு" என்றார். நித்யா ஏறினாள். நான் பழக்கதோஷத்தில், "ஹெல்மெட், ஹெல்மெட்" என்றேன். லக்ஷ்மம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு ஹெல்மெட்டையும் மாட்டவைத்தார். அதோடு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு அப்பாக்களும் குழியின் விளிம்பில் உட்கார்ந்தோம்.

"பீகரே" என்றேன், "ஒரே ஒரு விஷயம். நீங்க ஏன் பாதியில எழுந்து போனீங்க?"

அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "நீங்கதானே சார் சொன்னீங்க? பிடி, பிடின்னு!"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நம்முடைய 'பிடி' வேறு. நாம் புகைக்கும் 'பீடி'யைச் சொல்லும்போது வரும் அழுத்தமான ஒலியைப் போட்டுக் கன்னடத்தில் 'பிடி' என்றால் 'விடுங்க' என்று அர்த்தம். 'அட, விடுங்க சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று உபசாரமாகச் சொல்வதும் அதே சொல்தான். பிடித்துக்கொள் என்பதற்கு அவர்கள் சொல் 'ஹிடி'. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மல்லாந்து படுத்து, கண்ணாடிமேல் துரு விழுந்துகொண்டிருக்கும்போது வாயில் வருவது தாய்மொழி. பூச்சிமருந்து முகமூடி வழியாக அது வெளியே வரும்போது கன்னடமாகிவிட்டிருக்கிறது.

"நான் முதல்ல கையை விட்டேன்" என்றார் கிருஷ்ணப்பா. "நீங்க இன்னும் பலமாச் சொன்னீங்க. சரி, பெரிய மனுஷர், நமக்குச் சிரமம் வேண்டாம்னு நினைக்கிறாரு, காபி குடிக்கலாம்னு இறங்கிட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பஞ்சகச்சத்தைப் பார்த்தார். யார் முதலில் சிரித்தது என்று இரண்டு வீட்டிலும் இன்னும் தகராறு இருக்கிறது. அதிகம் பேசாத அந்த மனிதர் எருவில் கையூன்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சரோஜா தண்ணீர் கொண்டுவந்தவள், விஷயத்தைக் கேட்டுவிட்டு செம்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு நித்யாவின் போன் வந்தது.

"ப்பா, பேர் எழுதியாச்சு! அத்தை எப்படி ஓட்டினாங்க தெரியுமா? பஸ்ஸையே ஓவர்டேக் பண்ணிட்டாங்க!"

பின்னணியில் லக்ஷ்மம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக 'ஆன்ட்டி'யாக இருந்தவர் அன்றுதான் அத்தையானார். மறுநாள் மெக்கானிக் வந்து பத்து நிமிடத்தில் ஸ்டியரிங்கை நேராக்கினாராம். முன்னே கை வைத்தது யார் என்று கேட்டதற்கு, "பெரிய இன்ஜினியர்" என்று கிருஷ்ணப்பா சொன்னாராம்.

கல்யாணம் அதே தேதியில், அதே மண்டபத்தில். அவர்கள் வழக்கப்படி தாரை வார்க்கும்போது, பெண்ணின் கையை அப்பா பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்து, நீர் வார்த்தபின் தன் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். வைத்தேன். நீர் வார்த்தாயிற்று. புரோகிதர் கன்னடத்தில், "கை பிடி, சார்" என்றார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு முறை சொன்னார். நான் இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். மண்டபத்தில் முதல் வரிசை சிரிக்கத் தொடங்கியது. அப்போது கிருஷ்ணப்பா என் காதருகே குனிந்து, எத்தனை நாள் பழகினாரோ, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் சொன்னார்:

"சார். விடுங்க."

விட்டேன்.

வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே குரலில் "சார், விடுங்க!" என்று கத்துகிறார்கள். பாவம், மறுபடியும் மொழி குழம்பிவிட்டது என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்கு விளக்கமும் கொடுக்கிறார்கள். நாற்பது வருடமாகக் கன்னடம் பேசுகிறவனுக்கு, முகமூடி எதுவும் போடாத ஒரு புரோகிதர் பக்கத்தில் நின்று இரண்டு முறை சொன்னது எப்படிப் புரியாமல் போகும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.