பிக்கப் தாழ்த்து படலம்

வாழ்க எலிசியோ மயெஸ்தாஸ்! எஸ்பான்யோலாப் பள்ளத்தாக்கின் ஏறே, ஐம்பத்தோர் அகவை கண்டும் ஆசை நரையாத அண்ணலே, பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பனிக்காலந்தோறும் அதட்டி அடக்கும் அனற்காவலனே, நின் கொற்றம் பாடத் துணிந்தோம்! வழிப்போக்கர் காவலராம் புனித கிறிஸ்தோபரே, வண்டிக் கண்ணாடியின் அடியில் பசைபோட்டு ஒட்டப்பட்ட நிலையிலும் எம் நாவில் வந்தமர்ந்து அருள்க!

எலிசியோவிடம் ஒரு பிக்கப் இருந்தது. எண்பத்திரண்டாம் ஆண்டில் பிறந்து, எட்டு உருளை எந்திரத்தை வயிற்றில் சுமந்து, விறகும் வைக்கோலும் ஏற்றிய காலம் கழிந்த பின்னும் வெறும் முதுகோடு நெடுநெடுவென நின்ற வண்டி அது. தரையை முத்தமிட்டபடி வண்டி ஊர்வதே குடிப்பெருமையென்று கொள்ளும் எம் பள்ளத்தாக்கில், பதினேழு வயது முதல் முப்பத்துநான்கு ஆண்டுகளாக அதைத் தாழ்த்திவிடத் தவித்த எலிசியோவின் பெருமூச்சால் எத்தனையோ மாலைகளில் பாப்ளார் மரத்து இலைகள் உதிர்ந்தன.

அவன் மனையாள் கிளோரிந்தா, சொல்லில் வாளும் சமையலில் அமுதும் வைத்தவள். வலது முழங்காலில் உலோக மூட்டு வைத்தவள். அந்நெடுவண்டியில் ஏற அவள் பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஒன்றரை ஆண்டு காலம் மிதித்தாள். ஒரு ஞாயிறு, கோயில் முற்றத்தில், பாடற்குழு முழுதும் பார்த்திருக்க, அப்பெட்டி வழுக்கியது. கதவுப் பிடியில் தொங்கிய கிளோரிந்தா, கால் தரைபட்டதும் முழங்கினாள்:

"இனி இந்த ஒட்டகத்துல நான் ஏற மாட்டேன். வித்துட்டு குள்ளமா ஒரு கார் வாங்குங்க. என் தம்பி ஃபெர்மின் ரெண்டு வருஷமா இந்த வண்டியை விலைக்குக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கான்!"

எலிசியோ மார்பில் கைவைத்து மறுமொழி பகர்ந்தான். "விக்க வேணாம் கிளோரிந்தா. நீ ஏன் ஏறணும்? வண்டியை உன் முட்டிக்கு இறக்கிக் கொண்டு வர்றேன்."

"உங்க ஆசைக்கு என் முட்டியை சாட்சிக்குக் கூப்பிடாதீங்க," என்றாள் அவள். ஆயினும் சற்றே சிந்தித்து, நிபந்தனை விதித்தாள். "சரி. ஒரு வாரம் தர்றேன். பெட்டி இல்லாம நான் உக்காரணும். இது தினமும் வேலைக்குப் போற வண்டி, திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற வண்டி இல்ல. மடியில பொசோலே சூப் சட்டியை வெச்சுக்கிட்டு வருவேன், ஒரு சொட்டு சிந்தக் கூடாது. நம்ம வாய்க்கால் மேட்டுல இடிச்சுதோ, அன்னிக்கே சாவி ஃபெர்மின் கையில."

அந்தோ, வாய்க்கால் மேடு! வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே பாசன வாய்க்கால் ஓட, அதன்மேல் குழாய் பதித்து மண் குவித்து எழுப்பிய கூன்முதுகு அது. ஊர்ப்பொதுச் சொத்தாகையால், வாய்க்கால் தலைவர் ஒப்பாமல் அதில் ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்க இயலாது.

சனிக்கிழமை விடிந்ததும் போர் மூண்டது. உதவிக்கென்று வந்து, வாளியைக் கவிழ்த்து அரியணையாக்கி, கையில் உருளைக்கிழங்கை ரொட்டியில் சுருட்டிய பரித்தோவோடு வீற்றிருந்தான் ஃபெர்மின். அழுத்தி அடைத்த சினம்போல் சுருண்டிருந்த முன்சக்கரச் சுருள்வில்கள் தெறித்தால் தலை போகும். அவற்றைச் சங்கிலியால் பிணைத்து, ஜாக்கியை நூல்நூலாக இறக்கி, சீறும் நாகத்தைப் புற்றிலிருந்து இழுக்கும் பிடாரன்போல் வெளியே எடுத்தான் எலிசியோ.

"ரம்பத்தை எடுத்து ரெண்டு சுத்து அறுத்துவிட்டா அஞ்சு நிமிஷ வேலை, மச்சான்."

"அறுத்தா குதிரை மாதிரி குதிக்கும்டா. உங்க அக்காவுக்குப் பல்லு மிஞ்சாது," என்றுரைத்து, அளவெடுத்துச் செய்த குட்டை வில்களை எலிசியோ பொருத்தினான். முன்பக்கம் நான்கு அங்குலம் பணிந்தது.

பின்பக்கமோ கொடுங்களம். அங்கே பட்டை வில்லுக்குக் கீழே தொங்கும் அச்சை எடுத்து மேலே வைத்தால் ஆறு அங்குலம் இறங்கும். அச்சு முட்டாதிருக்கச் சட்டத்தைப் பிறைபோல் வெட்டித் தகடு முடுக்கியாயிற்று. ஆனால் அச்சை இறுகப் பற்றியிருந்த போல்ட்டுகளில் எட்டு நட்டுகள்! ஏழு சரணடைந்தன. நாற்பதாண்டுத் துருவைக் கவசமாய்ப் பூண்ட எட்டாம் நட்டு அசையவில்லை. எண்ணெய் வார்த்தான், அசையவில்லை. தீயால் சுட்டான், சிவந்தது, அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் நான்கடிக் குழாயைச் செருகி, கால்களை மண்ணில் ஊன்றி, முன்னோர் அனைவரையும் பேர்சொல்லி அழைத்து இழுத்தான், ஸ்பேனர் வழுக்கியது, விரல் முட்டிகளின் தோல் இரும்போடு தங்கியது. அவன் எழுப்பிய ஓலத்தில் அயல்வீட்டு ஆடுகள் மேய்ச்சலை மறந்தன.

ஃபெர்மின் பரித்தோவின் கடைசிக் கடியை விழுங்கினான். "விடுங்க மச்சான், பாவம். அடுத்த வாரம் நானே கழட்டிக்கிறேன். என் வண்டிதானே."

அச்சொல் எலிசியோவின் செவியில் காய்ச்சிய ஈயமாய்ப் பாய்ந்தது. சினந்து திரும்புகையில் அவன் கால் ஓர் அட்டைப்பெட்டியை இடறியது; உள்ளே புத்தம்புதிய போல்ட்டுகளும் நட்டுகளும் மின்னின. பழைய நட்டைக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லை! ஒரு மணி நேரம் முன்பே அறுத்தெறிந்திருக்கலாம்!

"உனக்கு இது தெரியுமாடா?"

"நீங்க கேக்கவே இல்லையே, மச்சான்."

அறுவை எந்திரம் முழங்க, தீப்பொறி மாரியாய்ப் பொழிய, எட்டாம் நட்டு இரண்டாய்ப் பிளந்து வீழ்ந்தது. அந்திக்குள் வண்டி பணிந்து நின்றது.

ஞாயிறு காலை. வலக்கையில் பொசோலே சட்டியேந்தி வந்த கிளோரிந்தா இடக்கையால் கதவைத் திறந்தாள். இருக்கை அவள் இடுப்புயரத்தில் இருந்தது. ஏறவில்லை, அடுக்களை நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தாள். இறங்கினாள். மறுபடி அமர்ந்தாள். மூன்றாம் முறையும் செய்து பார்த்துவிட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஃபெர்மின் வாய்க்கால் மேட்டருகே குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் பதித்து, நடுவராய் நோக்கினான். வண்டி நேரே ஏறியது. முன்சக்கரங்கள் கடந்தன. அடிவயிறு கடக்கையில், பத்து அண்டங்களும் பல்லைக் கடித்தாற்போல் எழுந்தது ஓர் ஓசை: கறக்!

ஃபெர்மின் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு கைநீட்டினான். "சாவி."

எலிசியோ எந்திரத்தை அணைத்தான். சாவியை உருவி, ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவி, மைத்துனனை நோக்கிக் கையை நீட்டினான்.

"டேய், கையை மடக்கு!" கிளோரிந்தா கர்ச்சித்தாள். "அங்க பட்டது என்ன?"

"புகைக்குழாய். அதுவும் வண்டிதானே அக்கா!"

"இடிச்சாத்தான்னு சொன்னேன். இது உரசல். குழாயைத் தூக்கிக் கட்டலாம். என் முட்டியைத் தூக்கிக் கட்ட முடியுமா? உன் சட்டைதான் ஏற்கெனவே அழுக்காயிருக்கே, நீயே உள்ள போ."

"அக்கா, இது அநியாயம்!"

"கையுறை போட்டுக்க, சுடும்."

வென்றவனாய் நின்ற ஃபெர்மின் வண்டியின் அடியில் புகுந்து, தானே கொள்ளவிருந்த வண்டியின் குழாயைத் தன் கையாலேயே கம்பியிட்டு உயர்த்திக் கட்டிய அவலத்தை எம் பாட்டு எங்ஙனம் தாங்கும்!

"பின்னால எடுத்து மறுபடி ஏத்துங்க. நேரா விடாதீங்க. சாய்ச்சு விடுங்க," என்று ஆணையிட்டாள் கிளோரிந்தா. "ஒவ்வொரு சக்கரமா ஏறட்டும்."

இடமுன் சக்கரம் ஏறிற்று, வலமுன் தொடர்ந்தது, வண்டி, நடனமாதென இடுப்பொசித்து நின்று நகர்ந்தது. சட்டியின் மூடி நடுங்கியது, நிமிர்ந்தது, அடங்கியது. மேட்டருகே மறுபடி மண்ணில் படுத்த ஃபெர்மின், மனம் பொய்சொல்லத் துடித்தும் கண் கண்டதை விழுங்க மாட்டாமல் கத்தினான்: "ரெண்டு விரல் இடைவெளி... போயிருச்சு! தொலையட்டும், போங்க!"

வானோர் மலர்மாரி பொழிந்தனர்; கீழுள்ளோர் அதை மகரந்தமென்று எண்ணித் தும்மினர். கடைத்தெரு நோக்கிய அவ்வீர ஊர்வலத்தில், எதிர்வந்த தாழ்வண்டிக்காரர் யாவரும் மோவாய் உயர்த்தி வணங்க, மடியில் பொசோலேயும் முகத்தில் பேரரசியின் அலட்சியமுமாய் வீற்றிருந்த கிளோரிந்தா அருளினாள்: "இன்னும் மெதுவா போங்க. கோயில் வழியா போங்க." அங்ஙனமே, பாடற்குழு வாய்பிளக்க, இருமுறை வலம்வந்து திசையெட்டும் வெற்றி நாட்டிய எலிசியோ மயெஸ்தாஸ், தன் குலமும் கொடியும் கொற்றமும் விளங்கக் கடைவாசலில் வண்டியை நிறுத்தினான்.

ஒரு டஜன் முட்டையும் துணி துவைக்கிற பவுடரும் வாங்கினார்கள்.