எஜெக்ட் அக்கா

அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்வெட்டுக்கு அடுத்தபடியாக எல்லோரும் நடுங்கியது எஜெக்ட் அக்காவுக்குத்தான். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறொரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்த அவருடைய சொந்த மச்சினரையே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று எங்கள் வாட்ச்மேன் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இரும்புத் தகடு வெட்டும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மாடியில் நாங்கள் டிராயிங் போடுவோம்; கீழே மெஷின் வெட்டும். மெஷினோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர் அரதப் பழசு. இன்டர்நெட் கிடையாது. மாற்றலாமென்றால் மெஷின் வேறு எந்தக் கம்ப்யூட்டரின் பேச்சையும் கேட்காது. ஆகவே ஒவ்வொரு டிராயிங்கும் பென்டிரைவில் ஏறிப் படியிறங்கித்தான் போக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கு 'பெருசு' என்று பெயர் வைத்தவர், உற்பத்திப் பிரிவுக்குத் தலைவியான எங்கள் அக்கா.

எஜெக்ட் கொடுக்காமல், அதாவது 'எடுக்கப் போகிறேன்' என்று கம்ப்யூட்டருக்குப் பட்டனை அழுத்திச் சொல்லாமல், யாரும் பென்டிரைவைப் பிடுங்கக் கூடாது. அக்காவின் சட்டம் அது ஒன்றுதான். ஒருநாள் முதலாளியே அவசரத்தில் பிடுங்கிவிட்டார்.

"சார், அத்த மறுபடியும் சொருகுங்க."

"ஏம்மா, நான் முதலாளிம்மா!"

"பென்டிரைவுக்கு அது தெரியுமா? சொருகி, எஜெக்ட் குட்த்து, மருவாதியா எடுங்க."

முதலாளி அப்படியே செய்தார். போகும்போது கம்ப்யூட்டரைப் பார்த்து லேசாகக் கும்பிட்ட மாதிரி கூட இருந்தது.

சட்டம் கம்பெனிக்கு வெளியேயும் செல்லும். கொரட்டூர் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் குதிக்கப் போன ஒரு காலேஜ் பையனின் பையைப் பிடித்து இழுத்து, "இன்னாடா அவசரம்? எஜெக்ட் ஆனப்புறம் எறங்கு. மொத்த டேட்டாவும் பூடும்!" என்று அக்கா கத்த, அவன் பதறிப்போய்ச் செல்போனைத் தடவிப் பார்த்தான்.

நான் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊரில் அப்பாவுக்கு வேலை போயிருந்தது; வீடு என் சம்பளத்தை நம்பி இருந்தது. அப்போது ஒரு பெரிய ஆர்டருக்கான டிராயிங் முழுவதும் என் பொறுப்பில் வந்தது. ஆபீஸ் நேரம் போதாமல், ராத்திரிகளில் அறைத்தோழனின் லேப்டாப்பில் வரைந்து, புதுப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் காலையிலேயே ஊருக்குப் போய்விட்டான். மதியம் கஸ்டமர் வருகிறார். அதற்குள் முதல் பீஸ் வெட்டித் தயாராக இருக்க வேண்டும்.

பெருசில் சொருகினேன். 'இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை. இப்போது செய்யட்டுமா?' என்று கேட்டது. என் மொத்த உழைப்பும் அதில்தான் இருந்தது. என்ன கேட்கிறது என்று கூடப் புரியாமல் விரல் 'யெஸ்' பக்கம் போனது.

"கைய எட்றா!"

பக்கத்து மேஜையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா பாய்ந்து வந்தார். இடது கையால் பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்கினார். ஆமாம், எஜெக்ட் கொடுக்காமல். மெஷின் ஓட்டுகிறவர்கூட வாயைப் பிளந்தார்.

"அக்கா... எஜெக்ட்..."

"நெருப்பு புட்ச்ச ஊட்ல காலிங் பெல் அடிச்சினு நிப்பாங்களா? வா மேல."

மாடியிலிருந்த புதுக் கம்ப்யூட்டரில் சொருகினார். அத்தனை டிராயிங்கும் பத்திரமாக வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அயுவாத நைனா. உன் டிரைவுக்கு ஒண்ணும் ஆவல. புது லேப்டாப்புல, புது மாதிரி ஃபார்மேட்ல எய்திக்கினு வந்துகீற. பெருசுக்கு அத்த படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததால, அயிச்சிரட்டுமான்னு கேக்குது. எங்க ஊட்டுக்காரரும் அப்டித்தான், இங்கிலீஷ்ல எது வந்தாலும் கிழிச்சிருவாரு."

சொல்லிக்கொண்டே, பெருசுக்குப் படிக்கத் தெரிந்த பழைய ஃபார்மேட்டில் இருந்த தன் சின்னப் பென்டிரைவில் எல்லாவற்றையும் காப்பி செய்தார். முறைப்படி எஜெக்ட் கொடுத்தார். கீழே போனதும் நான் பெருசின் முன்பக்கத்தில் சொருகப் போனேன்.

"அங்க கரண்டு பத்தாது, பின்னால சொருகு."

சொருகினேன். பெருசு இரண்டு முறை முனகிவிட்டு ஃபைலைத் திறந்தது. மெஷின் பொறி பறக்க வெட்ட ஆரம்பித்தது.

கஸ்டமர் வந்து தொட்டபோது முதல் பீஸ் இன்னும் சூடாகவே இருந்தது. "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று முதலாளி முறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"பெருசுக்கு ஒடம்பு சரியில்ல சார். இந்தத் தம்பிதான் கூடவே இருந்து பாத்துக்கினு வேலைய முட்ச்சிச்சி."

அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. நன்றி சொல்லப் போனபோது, "போய் அப்பாகிட்ட சொல்லு மொதல்ல" என்று துரத்திவிட்டார்.

இப்போது நான் ஆவடியில் வேறு வேலையில் இருக்கிறேன். முதலில் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், கம்பெனி பெயர் வாயில் வருவதில்லை. "எங்க அக்காகிட்ட" என்றுதான் வருகிறது.