எல்லைக்கல்லோடு நின்ற கொழும்புப் பயணம்

எல்லா விதிகளும் தெரிந்த ஒருவனிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் அது பிழையே இல்லாமல் கெட்டுப்போகும். இதை நான் இளம் வயதிலேயே செய்து காட்டியிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. சேலம் டவுனில் வளர்ந்த நான் அரூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்திருந்தேன். கொழும்பில் தமிழர்கள் கலைவிழா நடத்துகிறார்கள், நம் பக்கத்துத் தெருக்கூத்து ஒன்று வேண்டும் என்று தாசில்தாருக்குத் தெரிந்த ஒருவர் கேட்டிருந்தார். தாசில்தார் என்னைப் பார்த்தார். (அந்த நேரத்தில் ஆபீசில் வேறு யாரும் தலை நிமிரவில்லை.)

சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தைப் பிடித்தேன். கூத்து வாத்தியார் சென்னப்பன். மாரியம்மன் கோயில் பூசாரியும் அவரே. ராணி வேஷம் கட்டுபவன் மாது. ஆறடி உயரம், கட்டைக் குரல், ஆனால் சேலை கட்டி நின்றால் ராணிதான். அவனுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது.

"கொழும்புல எங்கக்காளப் பாக்கலாமுங்களா?"

அவன் சிறுவனாக இருந்தபோதே அக்காளை ஆள்பிடிக்க வந்த கங்காணி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப்போயிருந்தான். தம்பி வருகிறான் என்று தெரிந்ததும், விழாவுக்கு வந்துவிடுகிறேன் என்று அவளும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

விடிய விடிய ஆடும் கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்க வேண்டும் என்றேன்.

"ராணி திரையை விட்டு வெளிய வரவே கோழி கூவிடுமுங்க" என்றார் வாத்தியார்.

"கொழும்பில் கோழி சீக்கிரம் கூவும்" என்றேன். (அக்காலத்தில் இதை நகைச்சுவை என்று நினைத்தேன்.) கையில் கடிகாரத்தோடு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தேன். களைத்தது நான்தான், கூத்து ஒரு பாட்டுகூடக் குறையவில்லை.

பயண அனுமதிகளையெல்லாம் வாங்கிவிட்டேன். அடுத்து அம்மை குத்துதல். குத்திக்கொள்ளாதவனைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஊரே மறுத்தது.

"முத்து போடறவ ஆத்தா. அவளக் கேக்காம கையைக் கீறுனா கோவிச்சுக்குவாளுங்க. திருவிழாவுக்குக் காப்பு கட்டிட்டா பொறுத்துக்குவா. கட்டிடலாமுங்களா?" என்றார் வாத்தியார்.

"தாராளமாக! முதல் காப்பை எனக்கே கட்டுங்கள்" என்று கையை நீட்டினேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறியதும் ஊரே வரிசையில் நின்றது. அம்மை குத்த வந்தவர் அசந்துபோனார். நிர்வாகம் என்றால் இதுதான் என்று நானும் என்னைப் பார்த்து அசந்துபோனேன்.

புறப்படும் நாள். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டிகள் கிளம்பின. முன்வண்டியில் மத்தளம், கிரீடம், புஜக்கட்டைகள், அக்காளுக்காக மாது எடுத்துவைத்த ராகி மூட்டை. ஊர் எல்லைக்கல் வந்ததும் வாத்தியார் இறங்கினார். எல்லோரும் இறங்கினார்கள்.

"உத்தரவு எங்கீங்க குமாஸ்தாய்யா?"

"எந்த உத்தரவு?"

"காப்பு கட்டுனவங்க திருவிழா முடியாம எல்லை தாண்டக்கூடாதுங்களே."

"இதை ஏன் ஐயா முன்னாலேயே சொல்லவில்லை?"

"எல்லாத்துக்கும் உத்தரவு வாங்கறவரு, ஆத்தாகிட்டயும் வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சோம்."

திருவிழா முடிவதற்குள் கொழும்பு விழா முடிந்துவிடும். மாது ராகி மூட்டையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். அதற்கு அவன் சண்டை போட்டிருக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல், நானும் காப்பு கட்டியவன். அவிழ்த்தெறிந்துவிட்டு ஓடியிருப்பேன், ஆனால் அம்மை குத்திய கைகள் வீங்கிக்கொண்டிருந்தன. யாருக்காவது காய்ச்சல் வந்தால் பழி யார் தலையில் விழும் என்பதும் தெரியும். மாது வீட்டிலேயே களி தின்றுகொண்டு கிடந்தேன். அவன் பரிமாறினான், முகம் பார்க்கவில்லை. தாசில்தார் அனுப்பிய டவாலிச் சேவகன் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன லீவுன்னு போடறதாம்?" என்று கத்தினான். விடுப்பு விதிகள் எனக்கு மனப்பாடம். அம்மனிடம் மாட்டிக்கொண்டவனுக்கு அதில் இடமில்லை.

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்த்த அன்றே, அனுமதிகள் இன்னும் காலாவதியாகவில்லை என்று கண்டுபிடித்து மாதுவை மட்டும் வண்டியேற்றினேன். கூத்தாட என்றுதான் அனுமதி. ஆகவே கிரீடமும் சேலையும் கூடப் போயாக வேண்டும் என்று அடம்பிடித்தேன். (திருந்தவில்லை.)

தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் தனியாளாக ஆடினானாம். திரை பிடிக்க ஆளில்லை. அக்காள் தன் சேலை ஒன்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டாளாம். ராணி வெளியே வந்ததும் திரையைக் கீழே போட்டுவிட்டு அழுதாளாம். கோழி கூவும்வரை ஆட்டம் நடந்ததாம்.

திரும்பி வந்தவன் அக்காள் சொன்னதை ஆபீசுக்கே வந்து, எல்லோரும் கேட்கும்படி சொன்னான்.

"அந்தக் குமாஸ்தாய்யா எங்க கெளம்புனாலும், மொதல்ல கையப் பாத்துக்கச் சொல்லுன்னாங்க."

ஆபீசில் சிரித்தார்கள். பிறகு கல்யாணமாகி வந்த மனைவிக்கும் எவனோ சொல்லிவிட்டான். ரிட்டயராகியும் தீரவில்லை. நேற்று பல் பிடுங்க தருமபுரிக்குக் கிளம்பினேன். பேத்தி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, கையைக் காட்டுங்க."

காட்டிவிட்டுத்தான் போனேன்.