துளை போடா விரதம்

விரதங்களில் பல வகை உண்டு. உண்ணாத விரதம், பேசாத விரதம். எங்கள் ஓக்லஹோமாப் பக்கம் துளை போடாத விரதம் என்று ஒன்றும் உண்டு. அதைக் கடைப்பிடிப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சனிக்கிழமை காலை டோனட் கடை வாசலுக்குப் போங்கள். அரை நூற்றாண்டு தாண்டிய பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, ஒரு கையில் காப்பியும் மறு கையில் துடைக்கும் துணியுமாக உட்கார்ந்திருப்பார். நீங்கள் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிடுவார்: "கம்பெனியிலேர்ந்து வந்தபடியே இருக்கு. இதுல ஒரு ஓட்டைகூட போட்டதில்ல."

யார் கேட்டது?

என் பக்கத்து வீட்டு வெர்லின் இந்த இனத்தின் தலைமகன். வண்டி அறுபத்தாறாம் வருடத்தது. அடுத்தவர் வண்டிக் கதவில் ஸ்பீக்கருக்காக வெட்டிய வட்டத்தைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு, எழவு வீட்டுக்கு வந்தவர்போல உச்சுக்கொட்டுவார்.

அவர் மனைவி நோரீன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம நாப்பதாவது கல்யாண நாளைக்கு இந்த வண்டியில ஏரிக்குப் போகணும். கல்யாணத்துல ஆடினோமே, அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே போகணும். அவ்வளவுதான்."

வெர்லின் வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாண நாளுக்கு அப்போது மூன்று வருடம் இருந்தது. ஸ்பீக்கர் பொருத்தக் கதவில் இரண்டு வட்டம் வெட்டினால் ஒரு மணி நேர வேலை. ஆனால் வெட்டலாமா? பெற்ற பிள்ளையின் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் கையெழுத்துப் போடுவார், கதவுக்குப் போடமாட்டார்.

முதலில் ஸ்பீக்கரைச் சீட்டுக்கு அடியில் வைத்தார். சீட்டு நான்கு அங்குலம் உயர்ந்து, கூரையில் தலை இடித்து, ஒரு மாதம் கழுத்தைச் சாய்த்தே ஓட்டினார். பிறகு காந்தம் வைத்து முதுகுப்பக்கத் தகட்டில் ஒட்டினார். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அது கழன்று பிடரியில் விழுந்தது. பிறகு டேஷ்போர்டில் கம்பெனிக்காரனே விட்டிருந்த ஒற்றைத் துளையில் ஒன்றைப் பொருத்தினார். பாடகர் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டு உதவி கேட்பதுபோல இருந்தது. கடைசியில் மரப்பெட்டி செய்து காலடியில் வைப்பதென்று முடிவெடுத்தார். அதற்கு ஒரு ஒத்திகை வேண்டாமா? ஒரு நாள் நோரீன் கடையிலிருந்து திரும்பியபோது, சமையலறை அலமாரிக் கதவில் ஆறரை அங்குலத்தில் இரண்டு வட்டம். உள்ளிருந்து கேக் தட்டுகள் அவளை எட்டிப் பார்த்தன.

"வெர்லின், என்ன இது?"

"சத்தம் எப்படி வருதுன்னு பாக்க வேண்டாமா? மரந்தானே."

"எங்கம்மா குடுத்த அலமாரி."

"ஆனா பெயிண்ட் ஒரிஜினல் இல்லியே, நோரீன்."

கல்யாண நாளும் வந்தது. நோரீன் நீலக் கவுன் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெர்லின் வண்டிக் கதவைத் திறந்து காட்டினார். "நாலு ஸ்பீக்கர். ஒரு துளை கிடையாது."

நோரீன் உள்ளே பார்த்தாள். அவள் கால் வைக்கும் இடத்தில் ஒரு பெட்டி. உட்காரும் இடத்தில் இன்னொன்று.

"நான் எங்க உக்கார்றது?"

மூன்று வருடத்தில் இந்தக் கேள்வி மட்டும் வெர்லினுக்குத் தோன்றியதே இல்லை. சற்று யோசித்து, வைக்கோல் கட்டு ஏற்றும் பின்பக்கத்தைக் காட்டினார். "அங்க நெறைய இடம் இருக்கே."

நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நோரீன் சண்டை போடவில்லை. கைப்பையிலிருந்து பரிசு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்: தகட்டில் வட்டத் துளை போடும் ரம்பம், பெட்டியோடு. பிறகு தன் காரில் ஏறிப் பாட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை டோனட் கடையில் கேட்டேன்: "என்ன வெர்லின், பாட்டு கேட்டீங்களா?"

"கேட்டேனே. அவ கார்ல ஓடுச்சு. நான் பின்னாலயே போனேன். கண்ணாடிய எறக்கிவிட்டா லேசா கேட்டுச்சு."

"அந்த ரம்பம்?"

அவர் முகம் மலர்ந்தது. "பத்திரமா இருக்கு. பெட்டியே பிரிக்கல. மேல ஒட்டின விலைச் சீட்டுகூட அப்படியே இருக்கு, தெரியுமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டீர்களா? விருந்தாளிக்கென்று அடுக்கி வைத்த பீங்கான் தட்டில் இதுவரை எந்த விருந்தாளி சாப்பிட்டார்? சோபாவுக்கு மேல் ஒரு துணி, அந்தத் துணி அழுக்காகாமல் அதற்கு மேல் இன்னொரு துணியா? நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.