அலுமாரியாரிடம் சொன்ன சொல்

சொந்தப் பெண்சாதியைப் பார்த்து "நீர் ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்ட மனிதர் புளியங்கூடலில் ஒருவர்தான். அலுமாரியார். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

எண்பதுகளின் பிற்பகுதி. எந்த வீடு எரியும், எப்போது ஊரைவிட்டு ஓட வேண்டும் என்று தெரியாத காலம். எங்கள் ஒழுங்கையில் அவருடைய வீட்டு அறைக்குத்தான் கல்லுச்சுவரும் சீமெந்துக் கூரையும். அதற்குள் ஓர் இரும்பு அலுமாரி. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அவரிடம்தான் கொடுத்துவைத்தோம். கூலி கிடையாது. ஒவ்வொருவரும் அவருடைய காதில் ஒரு சொல் சொல்லிவிட்டு வரவேண்டும். திரும்பிப் போய் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் பொருள் கிடைக்கும்.

சொல் எடுப்பது லேசான காரியமில்லை. முதலில் வந்தவர்களில் பாதிப்பேர் "பிள்ளையார்" என்றார்கள். அலுமாரியாருக்கு வந்த கோபம்!

"பிள்ளையார் எல்லாருக்கும் பொது. பிள்ளையின்ர பேர், மாட்டின்ர பேர், பிறந்த நட்சத்திரம் ஒண்டும் வேண்டாம். ஒண்டுக்கொண்டு உறவில்லாத மூண்டு சொல்லைச் சேர்த்துக்கொண்டு வாருங்கோ."

எனக்கு ஒன்று கண்டுபிடிக்கும்வரை சாப்பாடு இறங்கவில்லை. சந்தையில் ஒருவர் தன் சொல்லைப் பெருமையாகச் சொல்லிக்காட்டினார் என்று கேள்விப்பட்டு, அலுமாரியார் அன்று பின்னேரமே சைக்கிளில் போய் அவரைப் புதுச் சொல் எடுக்க வைத்தார்.

கலியாண வீடொன்றுக்கு வெளிக்கிட்ட அவருடைய மனைவி, அலுமாரியில் இருந்த தன் சங்கிலியைக் கேட்டார். சொல் மறந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, நான் உங்கட பெண்சாதி!"

"அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சது சொல்லில்லை."

அந்த அக்கா தாலிக்கொடியோடு மட்டும் கலியாணத்துக்குப் போனார்.

ஊரே சிரித்தது. என் பாஸ்போர்ட் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு அடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன் வந்து, நான் அனுப்பியதாகச் சொல்லி அதைக் கேட்டிருக்கிறான். என் அப்பாவின் பெயர், பள்ளிக்கூடம், எங்கள் நாயின் பெயர் வரை ஒப்புவித்தானாம். அலுமாரியார் தேத்தண்ணீர் கொடுத்து, ஆறுதலாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி. இனிச் சொல்லைச் சொல்லும்" என்றிருக்கிறார். ஆள் பாதித் தேத்தண்ணீரோடு எழும்பிவிட்டான். விட்டிருந்தால் படத்தை மாற்றி ஒட்டி, என் பெயரில் வேறு யாரோ பறந்திருப்பான்.

அதே பிடிவாதம் பூரணத்தக்காவை அழவைத்தது. அவருடைய ஒரே மகன் ரஞ்சன் வள்ளத்தில் அக்கரைக்குப் போனவன் திரும்பவில்லை. பிறகு அவர்களின் ஓலை வீடும் எரிந்தது. சுவரில் இருந்த படங்களும் போயின. மகனுடைய முகம் மிஞ்சியிருந்தது அலுமாரிக்குள் இருந்த பாஸ்போர்ட்டில் மட்டும். சொல்லோ ரஞ்சனுக்குத்தான் தெரியும்.

"அண்ணை, அந்தப் படத்தை எனக்குத் தாங்கோ."

"சொல் இல்லாமல் தர ஏலாது, பூரணம். நாளைக்குப் பெடியன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் ஏசியது. ரஞ்சன் வருவான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த கடைசி ஆள் அலுமாரியார்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாரி முடிந்தும் ரஞ்சன் வரவில்லை. ஒரு காலையில் அலுமாரியார் தானே பூரணத்தக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். கூட்டிக்கொண்டு போனவன் நான். வாசலில் நின்று பார்த்தேன். அலுமாரியார் குனிந்து பூரணத்தக்காவின் காதுக்குள் ஏதோ சொன்னார். பூரணத்தக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுதான் அவன் எடுத்த சொல். தாயின்ர பேரெண்டால் லேசாக் கண்டுபிடிச்சிடுவாங்கள், மாத்தடா எண்டு எத்தினை தரம் ஏசினனான். மாட்டனெண்டிட்டான்" என்றார் அலுமாரியார். "இப்ப நீர் சொல்லும், பூரணம்."

அழுதுகொண்டே அவருடைய காதில் அந்தத் தாய் திருப்பிச் சொன்னார்.

"ஓம். சொல் சரி" என்று அலுமாரியார் திறப்பை எடுத்து அலுமாரிப் பூட்டைத் திறந்தார்.

இப்போது தொலைபேசியும் வங்கியும் என்னிடம் கடவுச்சொல் கேட்கின்றன. இன்றும் உறவில்லாத மூன்று சொற்களைத்தான் சேர்க்கிறேன். மறந்துபோய் முழிக்கும்போதெல்லாம் அலுமாரியாரின் நினைவுதான் வருகிறது. குனிந்து காதுக்குள் சொல்லித்தர எனக்கு இனி யார் இருக்கிறார்கள்?